சோப்பு அக்கா கழுவிய டப்பா

அடுத்தவர் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்ப்பது என் பழக்கமில்லை. என் ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் ஜன்னல் இருக்கிறது, நான் என்ன செய்ய? கண்ணை மூடிக்கொண்டு வெங்காயம் நறுக்க முடியுமா?

எதிர்வீட்டில் இருப்பவர் டெய்லரின் மனைவி. நாங்கள் வைத்த பெயர் சோப்பு அக்கா. கதவுக் கைப்பிடியைக்கூடக் குளிப்பாட்டுகிறவர். புது சோப்பையே ஒருமுறை கழுவிவிட்டுத்தான் பயன்படுத்துவார் என்று நான் ஒரு கதை கிளப்பிவிட்டேன். இன்றுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

அன்று காலை அவர் கையில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா. டெய்லர் அண்ணன் ஒன்றரை மாதமாக இருமிக்கொண்டிருந்தார். தன் பேன்ட்டைத் தானே இரண்டு தடவை பிடித்துத் தைத்துக்கொள்ளும் அளவுக்கு இளைத்தும்விட்டார். எழுந்ததும் ஆழமாக இருமி, வருகிற சளியை டப்பாவில் பிடித்து, டி.பி.யா என்று பார்க்க லேபில் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும்.

அண்ணன் எழுந்ததும் இருமிக் கொடுத்திருந்த அந்த டப்பாவை அக்கா திறந்து உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழாயடியில் கவிழ்த்து, நார் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் விட்டு அலசித் துடைத்தார். அண்ணனைப் பல் விளக்கி வாய் கொப்புளித்து வரச்சொல்லி டப்பாவை நீட்டினார். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி துப்பினார். பளிங்கு போல எச்சில். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார்.

சளியையே சலவைக்குப் போட்டுக் கொடுத்த மகராசி என்று சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் சொல்லி முடித்துவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தோம்.

ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த வீடே காத்திருந்தது. பிரசவம் முடிந்து புகுந்த வீட்டில் இருந்த மகள், அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தால்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தாள். மறுநாளே வந்துவிட்டாள். இரண்டு மாதப் பெண்குழந்தை. தாத்தாவின் தோளில் சாய்ந்தால்தான் தூங்கும். அண்ணன் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு, நாள் முழுக்கக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் உலாத்தினார். இருமல் வந்தால் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார்.

பதினோரு நாள் இப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் என் சர்க்கரையைப் பார்க்க அதே லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் பேச்சுக்கொடுக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. யாரோ ஒரு அம்மா என்று பொதுவாக ஆரம்பித்து, டப்பா கழுவிய கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் கையில் பஞ்சை வைத்து அழுத்தியபடியே கேட்டாள்.

"அந்த ரிசல்ட்டை நம்பிட்டாங்களா?"

"நெகட்டிவ்னு போட்டிருந்தா நம்பாம?"

"கிருமி நெஞ்சுக்குள்ள இருக்கும்மா. நீங்க வாய் எச்சிலைக் கொடுத்தா, நாங்க எச்சில்லதான் தேட முடியும். அதுல இல்லன்னுதான் எழுதுவோம். ஆள்கிட்ட இல்லன்னு அர்த்தம் கிடையாது."

பார்த்தாலே உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும், அதனால்தான் எச்சில் மாதிரி இருக்கிறது, மறுபடி சளி கொண்டுவரவும் என்று கீழே சின்ன எழுத்தில் போடுகிறோம் என்றாள். மேலே இருக்கிற கொட்டை எழுத்தைப் பார்த்ததும் எல்லோரும் தாளை மடித்துவிடுகிறார்களாம்.

வீட்டில் யாருக்காவது டி.பி.யா என்று அவள் கேட்டது லேப் படியில் பாதி இறங்கிய பிறகுதான் காதில் ஏறியது. ஊருக்கே சொன்னேன், சொல்லவேண்டிய ஒரு வீட்டுக்குச் சொல்லவில்லை. தினமும் அந்த வீட்டில் டீ குடித்த என் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன்.

அவர்கள் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. ஃபேன் சத்தத்துக்கு நடுவே அண்ணனின் இருமல். குழந்தையின் வாய் அவர் கழுத்தோரம். நான் நேரே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். மகள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.

சமையலறையில் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். எட்டிப் பார்த்ததையும் ஒத்துக்கொண்டேன். உன் ஜன்னலுக்கு இரும்பால் மூடி போடுகிறேன் என்று சண்டைக்கு வருவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் குழாயைத் திருகி மூடினார். அது மூடித்தான் இருந்தது.

"அழுக்குன்னு கழுவலடி," என்றார். "அதுல ரத்தம் இருந்துச்சு. நூல் மாதிரி. இப்படியே கொடுத்தா என்னென்னமோ சொல்லிடுவாங்க, பிள்ளை வரமாட்டாளேன்னு..."

"அக்கா."

"சுத்தமா கொடுத்தா சுத்தமா வரும்னு நினைச்சேன்டி."

எனக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. குழந்தையை இறுக்கிப் பிடித்த பிடியில் எல்லாம் தெரிந்தது.

அன்றே அண்ணனைத் தனி அறைக்கு மாற்றினோம். மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய், காற்றோட்டமாக நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார். டப்பாவை யாரும் திறக்கவில்லை. இந்தமுறை கொட்டை எழுத்தில் பாசிட்டிவ் என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது, குணமாகிவிடும் என்றார்கள். அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பாப்பாவுக்கு, பாப்பாவுக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் எல்லோரையும் பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. குழந்தைக்குக் கையில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் தடிப்பை அளந்தார்கள். தடிப்பே இல்லை. எக்ஸ்ரேயும் தெளிவு. அக்கா சாமியைக் கூப்பிட வாயெடுத்தார். டாக்டர் கையமர்த்தினார். இவ்வளவு சின்ன உடம்புக்குள் கிருமி போயிருந்தாலும் ஊசிக்குப் பதில் சொல்ல அதற்கு இன்னும் தெரியாது, அதனால் இந்த 'இல்லை'யை நம்பி உட்கார முடியாது, மருந்தைத் தொடங்கிவிட்டுப் பிறகு மறுபடி பார்ப்போம் என்றார்.

திரும்பி வரும்போது மகள் என் பக்கத்தில் நடந்தாள்.

"சித்தி, நீங்க பார்த்தது எந்தக் கிழமை?"

சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணவில்லை. ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தாள்போல. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் அக்கா மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்தார். மகள் கரண்டியால் புகட்டினாள். அறைவாசலில், முகத்தை முகமூடியால் மூடிக்கொண்டு, உள்ளே ஓரடி எடுத்து வைக்காமல் அண்ணன் நின்றார். கடைசி வாயில் குழந்தை லொக்கென்று ஒருமுறை இருமியது.

நாங்கள் நால்வரும் அசையவில்லை.

"பால் புரைக்கேறிடுச்சு, அவ்வளவுதான்," என்றாள் மகள். சொல்லிவிட்டு, குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். வைத்த காதை வெகுநேரம் எடுக்கவே இல்லை.