நாக்ஸோஸில் ஒரு கரண்டி திராட்சை

கிரேக்கத் தீவான நாக்ஸோஸுக்குப் போய்விட்டு துபாயில் அல் குசைஸ் ஃபிளாட்டுக்குத் திரும்பியதும், அம்மா பில்டிங்கில் இருந்த தோழிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். டிவியில் போட்டோக்கள் ஓடின. கடற்கரையில் அப்பா ஷூவைக் கழற்றாமல் நின்றார். மணல் ஒட்டிக்கொள்ளுமாம்.

"கிராமத்து ஜனங்களோட ஒண்ணுமண்ணாப் பழகினோம். ஆத்துக்கு வர்றவாளுக்கு ஒரு கரண்டி திராட்சைப் பாகும் ஒரு டம்ளர் ஜலமும் குடுக்கறது அவா வழக்கம்" என்றாள் அம்மா.

அந்த மலைக் கிராமத்தில் ஒரு பெண் எங்களை உட்காரவைத்து அதைத் தட்டில் கொண்டுவந்தபோது, அப்பா பர்ஸை எடுத்து விலை கேட்டார். முட்டை இருக்குமோ என்று அம்மா தட்டைத் தள்ளினாள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. நான் மட்டும்தான் சாப்பிட்டேன்.

"டேஸ்ட் எப்படி, பத்மா?" என்றாள் எதிர் ஃபிளாட் கோமதி மாமி.

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன்டி, ஹர்ஷினி."

வந்தவர்கள் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. இப்போது அம்மாவின் மானம் என் கையில் இருந்தது.

"கிராம்பு வாசனையோட நன்னா இருந்தது மாமி. அம்மா தொடவே இல்லை."

"ஸ்கூலையே பாதியில விட்டவ, இவளுக்கு என்ன தெரியும்!" என்று அம்மா சிரித்தாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"பாகுல வேற என்னடி போட்டிருந்தா?"