மூன்றாம் வகுப்புத் தோழியின் அம்மாவுக்காக

கழுத்தில் வெள்ளைத் துணி, கன்னம் நிறைய நுரை, அண்ணாந்த தலை. தபால்காரர் அந்த நிலையில் இருந்துகொண்டுதான் அதைக் கேட்டார்.

"தலைவரே, வீட்டம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

சவரக்கத்தி அவருடைய தாடைக்குக் கீழே ஒரு கணம் நின்றது.

"பரவாயில்ல சார்."

"பரவாயில்லன்னா? எழுந்து உட்கார்றாங்களா? என் பையன் தினமும் வந்து சொல்றான். காலையில பிரேயர்ல மொத்தப் பள்ளிக்கூடமும் உங்க வீட்டம்மாவுக்காகத்தான் கும்பிடுதாம். எனக்குக் காய்ச்சல் வந்தா என் பொண்டாட்டிகூட கும்பிட மாட்டா. 'ஒழிஞ்சுது, ரெண்டு நாள் வாயை மூடிட்டு படுத்திருப்பாரு'ன்னு நிம்மதியா டீவி பார்ப்பா. உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க."

"பேசாதீங்க சார். கத்தி பட்டுடும்."

சலூன் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு வசதி உண்டு. பிடிக்காத பேச்சைக் கத்தியைக் காட்டியே நிறுத்திவிடலாம். தபால்காரர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் கண்ணாடிக்குள்ளிருந்து அவர் கண்கள் பரிவோடு பார்த்துக்கொண்டே இருந்தன. அந்தப் பரிவைத்தான் சலூன்காரரால் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் அவருடைய மனைவிக்கு ஒரு நோயும் இல்லை.

அவள் செருப்புக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கடையின் மேலாளருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் போனார், கூடவே இவளும் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. துவைத்த துணிகளை மடித்து வைத்துவிட்டு, தன்னுடையதை மட்டும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மறுநாள் காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, "அம்மா எங்கப்பா?" என்று அவள் கேட்டாள். ஊருக்கே முடி வெட்டுகிற கைக்கு ஒரு சின்னப் பெண்ணின் தலையில் நேராக வகிடு எடுக்க வரவில்லை. அந்தத் தடுமாற்றத்தில் வாயில் வந்த வார்த்தை, "ஆஸ்பத்திரியில."

இரண்டு நாளில் மனம் மாறித் திரும்பி வந்துவிடுவாள், அதுவரை இந்தப் பொய் தாங்கும் என்றுதான் நினைத்தார். அவள் வரவில்லை. பொய் மட்டும் நடந்து பள்ளிக்கூடம் போய்விட்டது.

அந்தத் தொடக்கப் பள்ளியில் காலைப் பிரார்த்தனை என்பது கடமைக்கு ஒரு பாட்டுப் பாடிக் கலைவது இல்லை. எல்லா விதமான வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி என்பதால் எந்தச் சாமியின் பெயரும் அங்கே வராது. பிள்ளைகள் கூடத்துத் தரையில் வகுப்பு வாரியாக உட்காருவார்கள். பாட்டு முடிந்ததும் பிரேயர் டீச்சர், "இன்னைக்கு யாருக்காக?" என்று கேட்பார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்தப் பிள்ளை எழுந்து சொல்லலாம். பெயர் சொல்வது வழக்கமில்லை. "நான்காம் வகுப்புத் தோழனின் தாத்தாவுக்காக," "முதல் வகுப்புத் தம்பியின் தங்கைக்காக" என்று டீச்சர் சொல்ல, எல்லாரும் கண்ணை மூடி, கைகூப்பிக் கேட்பார்கள். கேட்டது முடியும்வரை தினமும் கேட்பார்கள்.

முடிவு இரண்டே விதம். நோயாளி பிழைத்துவிட்டால், சொன்ன பிள்ளையே முன்னால் வந்து, "சரியாயிடுச்சு, நன்றி" என்று சொல்லும், கூடமே கைதட்டும். இறந்துவிட்டால், அதையும் அந்தப் பிள்ளையேதான் வந்து சொல்லும். எல்லாரும் எழுந்து சற்று நேரம் மௌனமாக நிற்பார்கள். சென்ற பருவத்தில் அந்த நான்காம் வகுப்புப் பையன் தன் தாத்தாவுக்கு அப்படிச் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவனை யாரும் அடிக்கவில்லை, அவனுடைய பென்சிலை யாரும் பிடுங்கவில்லை.

மூன்றாவது விதமாக ஒன்று நடக்கலாம் என்று யாரும் யோசித்ததில்லை. நோயும் இல்லை, சாவும் இல்லை, ஆனால் ஆள் மட்டும் வீட்டில் இல்லை.

"அப்பா, அம்மாவுக்கு ஏன் இன்னும் சரியாகல?"

மகளின் வீட்டுப்பெயர் கொசு. கைக்குழந்தையாக இருந்தபோதே காதருகே வந்து ஓயாமல் எதையாவது முனகிக்கொண்டிருப்பாள் என்பதால் அவர் வைத்த பெயர். இப்போது மாலையில் கடையின் காத்திருப்பு பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து இந்தக் கேள்வி வரும்.

"ஆகும்டா."

"எல்லாரும்தான் கேட்கிறோம். ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்ககூட கேட்குதுங்க."

"கொஞ்சம் பெரிய நோவு. நாளாகும்."

அவள் பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். "எனக்குத் தெரியும், யாரோ கண்ணைத் திறக்கிறாங்க."

அவருக்கு அன்றைக்கு அது புரியவில்லை. பெருக்குமாற்றை எடுத்து, தரையில் கிடந்த முடியைக் கூட்டத் தொடங்கினார்.

அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒரு வாரத் துணியைத் துவைத்துப் போட்டு, ஒரு வாரத்துக்கான வசவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்த நாடகம்? போற இடமெல்லாம் 'உங்க தம்பி பொண்டாட்டி எந்த வார்டுல இருக்கா?'ன்னு கேட்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும், செருப்புக் கடை வார்டுன்னா?"

"மெதுவாப் பேசுக்கா. அவ உள்ளதான் இருக்கா."

"செத்துப் போயிட்டான்னு சொல்லிடு. ஒரே அழுகையோட முடிஞ்சிடும். பிள்ளை தேறிடும்."

"உயிரோட இருக்கிறவளை எப்படிக்கா..."

"அவ நம்மளையெல்லாம் சாகடிச்சிட்டுத்தானே போனா? நீ மட்டும் என்னடா தர்மராஜா?"

அவர் உள்ளுக்குள் ஒரு மூலையில் மனைவிக்கு இன்னும் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டால், அப்புறம் அவள் எந்த முகத்தோடு திரும்பி வருவாள்? அது அக்காவிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை. சொன்னால் துவைக்கிற துணியாலேயே அடிப்பாள்.

வாரத்தின் நடுவில் ஒரு நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. பாதி வெட்டிய தலையோடு ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

ஆசிரியர்கள் அறையில், ஒரு மர நாற்காலியில், கொசு உட்கார்ந்திருந்தாள். இரண்டு இமைகளும் சிவந்து வீங்கியிருந்தன. இமை முடிகள் பாதிக்கு மேல் இல்லை. மேஜைமேல் ஒரு காகிதத்தில் இரண்டு பிளாஸ்திரித் துண்டுகள் கிடந்தன. கத்தி பட்டால் ஒட்டுவதற்கு அவர் கடை டிராயரில் வைத்திருக்கிற அதே பிளாஸ்திரி.

பிரேயர் டீச்சர் நரைத்த கொண்டை போட்ட பெரிய பெண்மணி. குரல் கூடத்தின் கடைசி வரிசைவரை போகும் என்பார்கள். அன்றைக்கு அந்தக் குரல் மேஜையைத் தாண்டவில்லை.

"பிரேயர்ல கண்ணைத் திறந்திடக் கூடாதுன்னு ஒட்டிக்கிட்டிருக்கா, சார். அப்புறம் பாத்ரூம்ல போய், தானே பிச்சு எடுத்திருக்கா."

"ஏன்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என்மேலதான். இவ்வளவு பிள்ளைங்களைச் சும்மா உட்கார வைக்கிறது லேசில்ல. ஒருத்தர் கண்ணைத் திறந்தாலும் நாம கேட்டது போய்ச் சேராதுன்னு ஒரு வார்த்தை சொல்லி வச்சேன். வருஷக்கணக்கா அதைத்தான் சொல்றேன். இதுவரைக்கும் ஒரு பிள்ளையும் இவ்வளவு தூரம் நம்பினதில்ல."

கொசு நிமிராமல் சொன்னாள்: "நான்தான் டீச்சர் திறந்தேன். முதல் நாளே. எல்லாரும் அம்மாவுக்காகக் கும்பிடுறாங்களான்னு பார்க்கிறதுக்கு."

 அப்பா சொன்ன பொய்யை இந்தப் பிஞ்சு தன் பாவமாக எடுத்து இத்தனை நாளும் சுமந்திருக்கிறது.

அன்று மாலை கடையைத் திறக்கவில்லை. வீட்டில், அவள் இமைகளில் மருந்து தடவிவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கொசு, அம்மா ஆஸ்பத்திரியில இல்ல. அப்பா பொய் சொல்லிட்டேன்."

"அப்போ எங்க?"

"வேற ஊர்ல. வேற ஒருத்தர் வீட்டுல. உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"எப்ப வருவாங்க?"

"வர மாட்டான்னு நினைக்கிறேன்." இத்தனை நாளில் அவர் தனக்கே இதைச் சொல்லிக்கொண்டதில்லை. "நீ கண்ணைத் திறந்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீ கேட்கிறதுக்கு முன்னாடியே போயிட்டா."

"என்னைப் பிடிக்கலையா?"

"உன்னை இல்லடா. என்னைத்தான் பிடிக்கல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நீதான் கண்ணைத் திறந்தியா?"

என்ன பதில் சொல்வது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் திறக்க வேண்டிய நேரத்தில் எல்லாம் மூடியே வைத்திருந்தேன் என்றா? இரவு கடை சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டு, படுத்தால் காலை. மனைவி பேசிக்கொண்டே இருப்பாள், இவர் 'ம்' கொட்டிக்கொண்டே தூங்கிவிடுவார். பிறகு அவளும் பேசுவதை நிறுத்திவிட்டாள். அது நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"ஆமாடா. ஏதோ தப்புப் பண்ணிட்டேன்."

கொசு அழவில்லை. நடைமுறையான கேள்வி ஒன்றைக் கேட்டாள். "அப்போ எல்லாரும் சும்மாவா கும்பிட்டாங்க? நாளைக்கு நான் என்ன சொல்றது? ஓடிப்போயிட்டாங்கன்னா? சிரிப்பாங்கப்பா."

"நீ எதுவும் சொல்ல வேண்டாம். நான் டீச்சர்கிட்ட பேசிக்கிறேன்."

மறுநாள் மணியடிப்பதற்கு முன்பே கொசுவோடு போய், கூடத்து வாசலில் டீச்சரைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார்.  டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணும் சொல்லாம விட்டுட்டா பிள்ளைங்க விட மாட்டாங்க சார். 'அம்மா என்ன ஆனாங்க, என்ன ஆனாங்க'ன்னு கேட்டே அவளைத் துளைச்செடுத்துடுவாங்க. யாரு கேட்டாங்களோ அவங்கதான் முடிக்கணும், அதுதான் அவங்களுக்குப் பழக்கம். 'இனிமே வேண்டாம், நன்றி'ன்னு மட்டும் சொல்லட்டும். மீதியை நான் பார்த்துக்கிறேன்."

கொசு தலையாட்டினாள். அந்த இரண்டு வார்த்தையையும் அவர் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கடைசி வரிசைக்குப் பின்னால், தூணருகே நின்றார். ஈரமாய் வாரிய தலைகள் வரிசை வரிசையாக. சில தலைகள் அவர் வெட்டியவை. பாட்டு முடிந்தது. "இன்னைக்கு யாருக்காக?" என்றார் டீச்சர். பதிலுக்குக் காத்திராமலேயே கண்கள் மூடின, கைகள் கூடின. முன்வரிசைப் பொடிசுகள் முகத்தைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக்கின. முன்பின் தெரியாத ஒருத்திக்காக இவ்வளவு பேர். அவளுக்காக அவர் இவ்வளவு சிரமப்பட்டுக் கண்ணை மூடியதில்லை.

கொசு எழுந்து, வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் போய் நின்றாள். மூடிய கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"எல்லாரும் கும்பிட்டதுக்கு நன்றி," என்றாள். பிறகு நிறுத்தினாள். சொல்லிக்கொடுத்த 'இனிமே வேண்டாம்' என்பதற்காக டீச்சர் காத்திருந்தார்.

"எங்கம்மா செத்துப் போயிட்டாங்க."

டீச்சரின் வாய் திறந்தது. பிள்ளைகளின் தலைகளுக்கு மேலாக, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அப்பாவைப் பார்த்தார். ஒருமுறை இல்லை என்று தலையசைத்தால் போதும், டீச்சர் எப்படியாவது சமாளித்துத் திருத்திவிடுவார். அவரும் அசைக்கத்தான் நினைத்தார். ஆனால் கொசு டீச்சரைப் பார்க்கவில்லை. வீங்கிய இமைகளோடு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. காட்டிக் கொடுக்கப் போகிறாயா என்று கேட்கிற பார்வை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்சம் தாமதித்து டீச்சரின் குரல் கேட்டது, கடைசி வரிசைவரை. "எல்லாரும் எழுந்து நில்லுங்க."

அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுகிற ஓசை கூடத்தை நிறைத்தது. பிறகு ஒரு ஓசையும் இல்லை. குனிந்த தலையோடு நின்றவருக்கு, உள்ளே இத்தனை நாள் சாத்தாமல் வைத்திருந்தது எதுவோ மெல்லச் சாத்திக்கொள்வது தெரிந்தது. அதைச் சாத்தியது அவர் கை இல்லை.

மாலையில் அழைத்துப்போக வந்தபோது, வாசலில் கொசுவைச் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது. ஒருத்தி அவள் பையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தன் மிட்டாயை முழுதாகக் கொடுத்திருந்தாள். கொசு எதையோ கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

தோழி ஒருத்தியின் அம்மா, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். "என் பொண்ணு சொல்லித்தாண்ணே தெரியும். எங்க வச்சு எல்லாம் முடிச்சீங்க?"

"அவ ஊர்லயே." தயங்காமல் வந்தது. வந்த வேகம் அவருக்கே பயமாக இருந்தது.

"இந்தப் பச்சைப் பிள்ளையை விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ." அவள் கொசுவின் தாடையைத் தொட்டாள். "கடைசியில பேச்சு இருந்துச்சாண்ணே? பிள்ளையைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

கொசு மிட்டாயைச் சப்புவதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள்.

"சொன்னா," என்றார். "பத்திரமாப் பார்த்துக்கங்கன்னு சொன்னா."

அந்த அம்மாள் விசும்பிவிட்டு விலகினாள். அப்பாவும் மகளும் நடந்தார்கள். சைக்கிள் கடை தாண்டியது, மருந்துக் கடை தாண்டியது. தெருமுனை வந்ததும் கொசு கேட்டாள்.

"நிஜமாவே அம்மா அப்படிச் சொன்னாங்களா?"

லாரி ஒன்று சத்தத்தோடு கடந்து போனது. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

"இல்லடா. ஒண்ணும் சொல்லல."

அவள் பையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் போவதற்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.