மூச்சை அளந்த மெஷின்

சுகிர்தபாய்க்கு வந்த ஆத்திரத்தில் அந்த நகரத்து ஆஸ்பத்திரியின் கூரையே பறந்திருக்க வேண்டும். அவளைப் பெற்ற அம்மை தங்கபாய்க்கு ஒன்றுமில்லையாம். அறுபத்தெட்டு வயதாகிவிட்டதாம், அவ்வளவுதானாம்!

ஒன்றுமில்லாதவளா கொளுத்துகிற வெயிலில் கம்பளி கேட்கிறாள்? பாறசாலை சபையில் பாட்டை எடுத்துக்கொடுத்த குரல் கரகரத்துப் போயிற்று. முகம் ஊதிவிட்டது. பெற்ற மகளின் பெயரையே யோசித்துத்தான் சொல்கிறாள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டதென்று அண்ணன் ராஜதாஸ் பின்னறைக்குப் பூட்டு வாங்கி வைத்துவிட்டான். மிஷன் டாக்டர்தான், "கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தளர்ந்திருக்கலாம். அது தளர்ந்தால் உடம்பு மூச்சுக்காற்றைக் குறைவாகத்தான் செலவழிக்கும். வெறும் வயிற்றோடு போய் மூச்சை அளந்து பாருங்கள். அளவு குறைந்திருந்தால் மாத்திரை உண்டு" என்று இங்கே அனுப்பினார்.

அளந்தார்கள். மூக்கில் இடுக்கி, வாயில் குழாய். அளவு சரியாக இருக்கிறதாம்.

"சார், இன்னொருக்க அளக்கணும். வாற வழியில..."

"வயசானால் இப்படித்தான். மெஷின் பொய் சொல்லாது" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மெஷினுக்கு என்ன தெரியும்? மலையாள நாட்டிலிருந்த தெற்குத் தாலூகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம், பஸ் இல்லை. வழியில் போலீஸ்காரன் மாட்டுவண்டியை மறித்து, அம்மையின் தமிழ் ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி லத்தியை ஓங்கினான். மீதி வழி நடை. படபடப்போடு வந்தவளை இளைப்பாறக்கூட விடாமல் மெஷினில் பூட்டினார்கள்.

"அளக்காம நாங்க போகமாட்டோம்" என்று சுகிர்தபாய் அம்மையை வராந்தாவில் படுக்க வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து விரட்டியும் அசையவில்லை.

மறுநாள் காலை, பச்சைத்தண்ணீரும் குடிக்காமல் படுத்துக் கிடந்தவளை, தொல்லை ஒழியட்டும் என்று டாக்டர் மறுபடி அளந்தார். தாளைப் பார்த்தவர் திகைத்தார். அளவு பாதாளத்தில் கிடந்தது.

"நேற்று அளப்பதற்கு முன் அம்மாவுக்கு என்ன கொடுத்தாய்?"

"ஒண்ணும் கொடுக்கல்ல. பாலில்லாத கட்டங்காப்பி மட்டும் குடிச்சா. உபவாச ஜெபத்துக்கே நாங்க அது குடிப்போம். பிறவு போலீசு மறிச்சான், நடந்தோம்."

"காப்பி, நடை, பயம்! எல்லாமே அளவை ஏற்றிவிடும். இதையெல்லாம் நேற்றே சொல்ல வேண்டாமா?" மாத்திரை எழுதிக்கொண்டே அவர் அவளைக் கடிந்துகொண்டார்.

சுகிர்தபாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. சீட்டை வாங்கி மடியில் செருகினாள்.

"சொல்ல வந்தேன், சார். நேத்து நீங்க பாத்தது அம்மைக்க வயச மட்டுமாக்கும்."