ஆகாயத்து ட்ரெய்லர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கடைசியில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வாருங்கள், என் தொண்டை அவ்வளவு தூரம் எட்டாது. என்ஜினும் இல்லாமல், ஓட்டுகிற ஆளும் இல்லாமல் வானத்தில் கிளம்பிய ஒரு வண்டி, இரண்டு தடவை 'நான் போக மாட்டேன்' என்று பாதியில் திரும்பி வந்துவிட்டது. ஏன் வந்தது என்று தேடிப்போன கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நானும் கேட்டபோது வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டேன்.

முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் ட்ரெய்லர். என்ஜின் ஒன்றுதான், டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், சரக்கு மட்டும் பல மடங்கு போய்ச் சேரும். இதையே வானத்தில் செய்தால் என்ன என்று ஒரு கம்பெனிக்குத் தோன்றியது. முன்னால் ஒரு சின்ன விமானம். அதன் வாலில் நீளமான கயிறு. கயிற்றின் நுனியில் கிளைடர், அதாவது என்ஜின் இல்லாத விமானம், வயிறு நிறையச் சரக்கோடு. போக வேண்டிய ஊர் வந்ததும் கிளைடர் தானே கயிற்றைக் கழற்றிக்கொண்டு, பருந்து மாதிரி மிதந்து, தானே தரையிறங்கிவிடும். அதற்குள் இருக்கிற கம்ப்யூட்டர்தான் டிரைவர். இப்படி அனுப்பினால் விமானச் சரக்குக்கு ஆகிற கூலி பாதியாகக் குறையும் என்பது அவர்கள் கணக்கு.

அதைச் சோதித்துப் பார்க்கத் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு தரிசு மேட்டைச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டார்கள். பொறுப்பாக இருந்தவள் ஃபஸீஹா, கோட்டக்குப்பத்துப் பெண், என்ஜினியர். கம்பெனிக்காரர்கள் வேறு மாநிலத்தில் இடம் பார்த்திருந்ததை, மல்லுக்கட்டி இங்கே கொண்டுவந்ததும் அவள்தான். அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, இருபத்திரண்டு வருஷமாக ஷார்ஜாவில் இருக்கிறார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற பருவம் வந்தால் போதும், வீடியோவில் கூப்பிட்டு, "அந்தச் சட்டியைக் கொஞ்சம் காட்டு" என்பாராம். அவள் அம்மா தாஜுன்னிசா பச்சை மல்லாட்டை வேகிற சட்டிக்கு மேலே போனைப் பிடித்துக் காட்டுவாள். ஆவியில் படம் மங்கிப்போகும். அவர் அதையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பச்சை மல்லாட்டை இரண்டு நாளில் புளித்துவிடும். கப்பலில் போகாது. விமானத்தில் அனுப்பினால் கூலி மல்லாட்டையின் விலையைவிட அதிகம். அதனால்தான் ஃபஸீஹா சோதனைச் சரக்காக மணல் மூட்டையை விட்டுவிட்டு மல்லாட்டையைக் கேட்டு வாங்கினாள். மூட்டை பிடிக்க, கமிட்டியில், அதாவது விளைபொருள் ஏலக் கூடத்தில், பழகிய பெண்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அம்மணி.

முதல் நாள் ஃபஸீஹா இறக்கை, காற்று, கயிறு என்று படம் போட்டு விளக்கினாள். அம்மணி முழுக்கக் கேட்டுவிட்டு, "இத்துக்கு ஏம்மா இவ்ளோ சுத்தி வர்றே? அது டிராக்டரு, இது ட்ரெய்லரு. அவ்ளோதான?" என்றாள்.

"அவ்ளோதான்க்கா."

"இதச் சொல்றதுக்கா காலேஜுக்குப் போனே?"

அன்றிலிருந்து கிளைடருக்கு ட்ரெய்லர் என்றே பெயர் நின்றுவிட்டது. முன்விமானம் ஓட்டுகிற அலெக்ஸ்கூட அப்படித்தான் சொன்னான்.

அந்த ட்ரெய்லருக்கு ஒரு குணம் உண்டு. தரையில் எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுக்கிறார்களோ அதை மனதில் வைத்துக்கொள்ளும். மேலே போனதும் கயிறு இழுக்கிற இழுப்பையும் இறக்கை தாங்குகிற பாரத்தையும் வைத்துத் தானே ஒரு எடை போட்டுப் பார்க்கும். மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கயிற்றை விட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கிவிடும். அது வீம்பு இல்லை. எதை நம்பிப் பறப்பது என்று தெரியாமல் பின்னால் வருவது எகிறினால், முன்னால் போகிற அலெக்ஸின் வாலையும் சேர்த்து இழுத்துவிடும்.

முதல் பயணம். இருபது கிலோ மூட்டை நாற்பது. எண்ணூறு கிலோ என்று எழுதினார்கள். கண்டாச்சிபுரத்துப் பக்கம் இருக்கிற பொட்டலில் போய் இறங்க வேண்டும். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. பத்து கிலோ கூடுதல் என்றது கம்ப்யூட்டர்.

ஃபஸீஹா தராசைச் சோதித்தாள். முத்திரைக் கல்லை வைத்துப் பார்த்தாள், ஒரு கிராம் பிசகில்லை. இறக்கையில் பனி ஈரமா என்று துணியால் துடைத்துப் பார்த்தாள். வயிற்றுக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தாள். ஒரு பல்லி இருந்தது. அதைப் பிடித்து வெளியே விட்டார்கள்.

"பத்து கிலோ பல்லியா அது?" என்றான் அலெக்ஸ்.

"நீதான் நாலு இட்லி சேத்துத் துன்னுட்டிருப்பே" என்றாள் அம்மணி.

"நான் முன்வண்டிக்கா. என் இட்லி அதுல கணக்கு வராது."

வேடிக்கை என்னவென்றால், பச்சை மல்லாட்டை வெயிலில் காய்ந்து எடை குறையும். குறைந்தால் அர்த்தம் இருக்கிறது. கூடுவது எப்படி?

இரண்டாம் பயணத்துக்கு அவள் பாதி மூட்டைதான் ஏற்றினாள். இருபது மூட்டை, நானூறு கிலோ. அதுவும் திரும்பியது. ஐந்து கிலோ கூடுதல்.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. மூன்றாவது தடவை முழுப் பாரத்தோடு போய் இறங்கினால் திட்டம் திண்டிவனத்திலேயே நிற்கும். இல்லையென்றால் சாமான்களைக் கட்டிக்கொண்டு முன்பு பார்த்த வெளிமாநில இடத்துக்கே போய்விடலாம் என்று முடிவு. ஃபஸீஹா போனைக் கீழே வைத்தாள். ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் அவளால் கீழே வைக்க முடியவில்லை. நாற்பது மூட்டைக்குப் பத்து. இருபது மூட்டைக்கு ஐந்து. மூட்டை பாதியானால் தப்பும் பாதியாகிறது. அப்படியானால் தப்பு வண்டியில் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லை. ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் கால் கிலோவாக உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு மூட்டையும் அவள் கண்முன்னே இருபது காட்டித்தானே தராசைவிட்டு இறங்கியது?

மூன்றாம் நாள் காலை. ஒன்பதரைக்குள் கிளம்ப வேண்டும், வானத்தில் பறக்க அதுவரைதான் அவர்களுக்கு அனுமதி. ஃபஸீஹா கம்ப்யூட்டரை மூடி வைத்தாள். ஒரு காலிச் சாக்கைத் தரையில் போட்டு, தராசுக்கும் சாக்குத் தைக்கிற இடத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். எதையும் கேட்கவில்லை. வெறுமனே பார்த்தாள்.

மூட்டை தராசில் ஏறியது. இருபது. இறங்கியது. தைக்கிற ஊசியை வாயில் கவ்விக்கொண்டு அம்மணி குனிந்தாள். அவள் இரண்டு கையும் பக்கத்துக் குவியலுக்குப் போயின, சேர்த்து ஒரு தடவை அள்ளின, மூட்டையின் வாயில் கொட்டின. பிறகு ஊசி ஓடியது. அடுத்த மூட்டையில் வேறொருத்தி. அவளும் அதேபோல.

"அக்கா, இப்ப என்ன போட்டீங்க?"

"என்னாம்மா போட்டேன்?" உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. "தச்சிக்கினுதான இருக்கேன்."

"தைக்கறதுக்கு முன்னாடி. ரெண்டு கையால."

அம்மணி தன் கைகளைப் பார்த்தாள். "ஓ, அதுவா. அது கொசுறும்மா. நிறுத்ததோட மூட்டைய மூடினா வாங்கறவன் மொகம் சுண்டிப்பூடும். அது எடையில சேராது."

"வானத்துல சேருதுக்கா."

தைத்துக்கொண்டிருந்த அத்தனை ஊசியும் நின்றது. அம்மணிக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்போ ரெண்டு தபா வண்டி திரும்பினது எங்க கையாலயா? ஐயோ, ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானேக்கா சொல்றதுக்கு?"

"இனிமே போட மாட்டோம். யாரும் போடாதீங்கடி, பேஜாராப் பூடும்."

போட மாட்டோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். பழகிய கை கேட்டால்தானே. பேசிக்கொண்டே ஒருத்தி அள்ளிப் போட்டுவிட்டு நாக்கைக் கடித்தாள். இன்னொருத்தி போட்டோமா இல்லையா என்று தெரியாமல் மறுபடி வெளியே எடுத்தாள், எடுத்தது கூடிப்போய்விட்டது. இப்போது எந்த மூட்டையில் இருக்கிறது, எதில் இல்லை என்று யாருக்குமே தெரியவில்லை. முன்பாவது தப்பு ஒரு ஒழுங்கோடு இருந்தது. மணி எட்டே முக்கால்.

"எல்லாத்தையும் பிரிச்சிக் கொட்டிடவா?" என்றாள் அம்மணி.

ஃபஸீஹா எழுந்தாள். தராசின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "அக்கா, அந்தப் பக்கம் பிடிங்க. இத தைக்கிற எடத்துக்கு அந்தாண்ட வைப்போம்."

"எதுக்கு?"

"நீங்க உங்க இஷ்டத்துக்குப் போடுங்க. தச்சி வாயை மூடினப்புறம் நான் நிறுக்கறேன்."

அம்மணி தராசைத் தூக்கிக்கொண்டே யோசித்தாள். "நிறுத்துட்டா அப்புறம் அது என்னாம்மா கொசுறு?"

"வாங்கறவங்க ரசீதுல இருபதுன்னுதான் இருக்கும். மேல இருக்கறது அவங்களுக்குச் சும்மா. ட்ரெய்லருக்கு மட்டும் நெசத்தச் சொல்லிடுவோம்."

அம்மணி சிரித்துவிட்டாள். "ஜல்தி தூக்குங்கடி."

தைத்த மூட்டைகள் ஒவ்வொன்றாக ஏறின. இருபதே கால். இருபது கிலோ நூறு கிராம். இருபதரைகூட ஒன்று. மொத்தம் எண்ணூற்று ஒன்பது. எண்ணூறுக்கு மேல் ஏற்ற அனுமதி இல்லை. ஃபஸீஹா ஒரு மூட்டையை இறக்கி ஓரமாக வைத்தாள். மீதி முப்பத்தொன்பதின் எடையை எழுதி ட்ரெய்லருக்குக் கொடுத்தாள். ஒன்பது இருபதுக்கு அலெக்ஸ் கிளம்பினான். கயிறு நிமிர்ந்தது, ட்ரெய்லர் முதலில் தரையைவிட்டு எழும்பியது, பிறகு முன்விமானம். இரண்டும் தென்மேற்கே சின்னதாகிக்கொண்டே போயின.

எல்லோரும் ஃபஸீஹாவின் கையிலிருந்த திரையைச் சுற்றி நின்றார்கள். புள்ளி விக்கிரவாண்டிக்கு வந்தது. அங்கேதான் முன்பு திரும்பியது. புள்ளி விக்கிரவாண்டியைத் தாண்டியது.

கண்டாச்சிபுரத்துக்கு மேலேயிருந்து ரேடியோவில் அலெக்ஸின் குரல் வந்தது. "கயித்த விட்டுடுச்சு. தனியாப் போவுது. அழகாப் போவுதுக்கா, பாக்கணுமே நீங்க." கொஞ்ச நேரத்தில் திரையில் புள்ளி நின்றது. பொட்டலின் நடுவில், சுண்ணாம்புக் கோட்டுக்கு நாலடி தள்ளி.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஃபஸீஹா "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொன்னாள். முகத்தைப் பார்த்தே மற்றவர்களுக்கு விளங்கிவிட்டது, இடம் திண்டிவனம்தான் என்று.

பிறகு அவள் ட்ரெய்லர் அனுப்பியிருந்த கணக்கைத் திறந்து பார்த்தாள். வானத்தில் போட்ட எடைக்கும் தரையில் போட்ட எடைக்கும் வித்தியாசம் கால் கிலோ. கூடுதல்.

"இது எங்கேந்து வந்துது?" என்று அவள் நிமிர்ந்தாள்.

பெண்கள் எல்லோரும் அம்மணியைப் பார்த்தார்கள். அம்மணி வானத்தைப் பார்த்தாள். "ட்ரெய்லரு கதவ மூடறப்போ வெறுங்கையோட அனுப்ப மனசு வரலம்மா" என்றாள்.

இறக்கி வைத்த மூட்டையை அன்றைக்கு ஓடுபாதை ஓரத்திலேயே பெரிய அண்டாவில் கொட்டி, உப்புப் போட்டு வேகவைத்தார்கள். ஃபஸீஹா ஷார்ஜாவுக்குப் போன் போட்டு அண்டாவுக்கு மேலே பிடித்தாள். ஆவியில் படம் மங்கியது. "அடுத்த வருஷம் படம் வராது அத்தா, மல்லாட்டையே வரும்" என்றாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. கால் மரத்துப்போயிருக்கும், மெதுவாக எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் எதை அளந்தாலும் அளவுக்கு மேலே இரண்டு கை மிச்சம் இருக்கட்டும். தூரத்தில் இருக்கிற உங்கள் மனிதர்களுக்கு அது சூடு ஆறாமல் போய்ச் சேரட்டும். போனவர்கள் எல்லோரும் பத்திரமாக வந்து உங்கள் வாசலில் இறங்கட்டும்.