சும்மா அளந்தவன்

இந்தியாவின் மின்சாரத் தட்டுப்பாட்டை என் வகுப்புத் தோழன் கிட்டு தீர்த்துவிட்டான். தென்காசிக்கு வெளியே, எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வைத்து. இதை அவனே சொன்னான்.

வெளியூரில் உள்ள ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த எங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. இங்கிருந்து நிரலை அனுப்பினால் அங்கே ஓடும். எவ்வளவு கரண்டு தின்றது என்று மீட்டர் சொல்லும். மழையைக் கணிக்கும் பழைய நிரல் ஒன்றைக் கிட்டு திருத்தி எழுதி அனுப்பினான். பாதிக் கரண்டுதான் செலவானது. துறைத்தலைவர் வல்லிநாயகம் சார் உடனே ஃபிளெக்ஸ் அடிக்கச் சொல்லிவிட்டார்: 'மின்சாரத்தைப் பாதியாக்கிய மாணவச் செம்மல்'. வெள்ளிக்கிழமை பாராட்டு விழா.

கிட்டுவுக்குப் பக்கத்து இருக்கை குழல்வாய்மொழிக்கு. எந்த நிரலும் ஓடாதபோது இயந்திரம் எவ்வளவு கரண்டு தின்கிறது என்று அளப்பது அவள் புராஜெக்ட்.

"ஏட்டி, சும்மா கெடக்குத மிஷினை அளக்குததெல்லாம் ஒரு புராஜெக்டா? தண்ணி விழாத அருவியில சோப்பு போட்டுட்டு நிக்குத மாதிரில்லா இருக்கு" என்பான் கிட்டு.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் அவள் திரும்பிக் கேட்டாள்: "ஏலே, நீ சும்மா அளந்தியா?"

"யாரு சும்மா அளந்தா? ஒனக்குப் பொறாமைட்டி."

"கோட்டிக்காரா, மிஷின் சும்மா இருக்கும்போது அளந்தியான்னு கேட்டேன். பழைய புரோகிராமை எதுல ஓட்டுன?"

கிட்டு பதிவைத் திறந்து பார்த்தான். பழையது ஓடியது நான்கு கிராஃபிக்ஸ் கார்டுகள் செருகிய இயந்திரத்தில். புதியது, கார்டே இல்லாத இன்னொன்றில். இரண்டு நிரலிலும் கார்டுகளுக்கு வேலை கிடையாது. ஆனால் அவை வேலையில்லாமலே உட்கார்ந்து தின்னக்கூடியவை. மிச்சமான பாதி கிட்டுவின் திறமையா, இல்லாத கார்டுகளின் பெருந்தன்மையா?

சார் அறைக்கு ஓடினான். துணைக்கு நானும் போனேன்.

"சார், விழாவைக் கொஞ்சம் தள்ளி வைங்க. ஒருக்கா சும்மா அளந்து பாத்துக்கிடுதேன்."

"அதுக்கென்னலே, மேடையில எம்புட்டு வேணாலும் அள. கைதட்ட ஆள் இருக்கு."

"அந்த அளக்குதது இல்ல சார்..."

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஃபிளெக்ஸ் கட்டியாச்சு. ஒங்கப்பா போட்டோ புடிச்சு சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாராம். போ, சட்டையைத் தேச்சு வை."

மாடிப்படியை மறித்தும் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். தன் சிரித்த முகத்துக்கு அடியில் குனிந்துதான் கிட்டு மேலே ஏற வேண்டியிருந்தது.

சாரல் பிடித்திருந்ததால் அன்று சாயங்காலம் நாங்கள் ஐந்தருவிக்கு வேன் பேசியிருந்தோம். "வாலே, தலையில தண்ணி விழட்டும்" என்றேன். வரவில்லை.

மறந்துபோன துண்டை எடுக்க ஆய்வகத்துக்குத் திரும்பினேன். குழல்வாய்மொழியிடம் அவன் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள்தான் நாற்காலியை நகர்த்தித் தன் திரையை அவன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டளைகளை அடித்தான். இரண்டு இயந்திரங்களும் ஒரு நிரலும் இல்லாமல் வெறுமனே கிடந்தன. மீட்டரில் எண்கள் ஏறின.

இயந்திரங்கள் இருப்பது எந்த ஊரிலோ. ஆனாலும் விசைப்பலகையில் விரல் பட்டுவிடாமல் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி உட்கார்ந்திருந்தான் கிட்டு. கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார்.