மஞ்சள் பொறி

மே மாதத்தில் மட்டும் வெர்னா அந்தக் காருக்கு பிளக்கில் பொறி வரவழைக்கும் காயிலை இரண்டு தடவை மாற்றிவிட்டாள். ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது, கன்டென்சர் புதிது, பேட்டரியும் புதிது. அப்படியும், அமெரிக்காவில் அயோவாவின் அந்தச் சின்ன ஊரில், தானியக் கிடங்குக்குப் போகிற மேட்டில் ஏறும்போதெல்லாம் கார் இருமியது, திணறியது, நின்றுவிட்டது.

1930-ஆம் வருடத்துக் கார் அது. அவளும் அக்கா கணவன் டெல்மரும் சேர்ந்து ஏலத்தில் எடுத்தது. எஞ்சினும் ஒயரிங்கும் அவள் பொறுப்பு. பெயின்ட் அவன் பொறுப்பு. அவன் அடித்த கரும்பச்சையில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

சனிக்கிழமை காலை, காப்பிக் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் நுனியை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்தாள்.

"மிதி, டெல்மர்."

அவன் ஸ்டார்ட்டரை மிதித்தான். எஞ்சின் நன்றாகவே சுழன்றது. ஒயர் நுனியில் மட்டும் நூல் போல ஒரு மஞ்சள் பொறி வந்து வந்து போனது.

"இந்தக் காயிலும் குப்பைதான்," என்றான் டெல்மர்.

"ரெண்டும் ஒரே மாதிரி குப்பையா? அவ்வளவு ஒத்துமை உங்க குடும்பத்துலகூடக் கிடையாதே."

முப்பது வருடம் தொலைபேசிக் கம்பிகளில் பழுது தேடியவள் வெர்னா. பொருளை மாற்றிப் பார்ப்பது அவளுக்கு எப்போதும் தோல்வி மாதிரிதான். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து யோசித்தாள். பேட்டரியிலிருந்து காயில் வரை ஆறு வோல்ட் குறையாமல் வருகிறது. அதைப் பத்து தடவை பார்த்தாயிற்று. ஆனால் கரண்டுக்குச் சுற்று முழுதாக வேண்டுமே. காயிலைத் தாண்டி, நான்கு பிளக்குக்கும் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போய், அதன் உடம்பு வழியாக எஞ்சின் இரும்பில் இறங்குகிற பாதி வழியை அவள் ஒரு தடவையும் சோதித்துப் பார்க்கவில்லை.

வோல்ட் மீட்டரின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலிருந்த திருகிலும், மறுமுனையை எஞ்சின் போல்ட்டிலும் வைத்தாள்.

"அங்க எதுக்கு வைக்கிற? இரும்பு மேல இரும்பு உக்காந்திருக்கு. சைபர்தான் காட்டும்," என்றான் டெல்மர்.

"காட்டட்டுமே. சுவிட்சைப் போடு."

முள் நகர்ந்தது. ஒன்று. ஒன்றரை. அங்கேயே நின்றது.

"அடேயப்பா! ஆறுல ஒன்றரையை இங்கேயே எவனோ குடிச்சிடுறான்!"

ஒரு துண்டு ஒயரை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையும் போல்ட்டையும் இணைத்துவிட்டு, காயில் ஒயரைப் பழையபடி இரும்பருகே பிடித்தாள். டெல்மர் மறுபடி மிதித்தான். சடசடவென்று தடித்த நீலப் பொறி பாய்ந்தது. அவன் இறங்கி ஓடி வந்து குனிந்து பார்த்தான்.

"என்ன மாத்தின?"

"ஒண்ணும் மாத்தல. ஒரு வழி விட்டேன், அவ்வளவுதான்."

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் தூக்கினாள். அது உட்காரும் இடம் கண்ணாடி போலப் பளபளத்தது. மூன்று பூச்சுக் கரும்பச்சை, சூடுகாட்டி இறுக்கியது.

"இந்தக் குழிக்குள்ளயுமா அடிச்ச? பெயின்ட்டைத் தாண்டி கரண்டு எப்படிப் போகும்?"

டெல்மர் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டான். "யாரும் பார்க்க மாட்டாங்கன்னு விட்டுட மனசு வரல, வெர்னா."

சிரிக்கத்தான் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. உப்புத்தாளை அவள் எடுப்பதற்குள் அவனே வாங்கிக்கொண்டான். அரைமணி நேரம் தேய்த்தான். வெறும் இரும்பு தெரிந்ததும் விரலால் தடவி, ஊதிவிட்டு நகர்ந்தான். "இப்ப வை."

மேட்டில் கார் ஒரு தடவையும் இருமவில்லை. உச்சியில் நிறுத்தியபோது வெர்னாவுக்கு ஸ்டீயரிங்கை விட மனமில்லை. பக்கத்தில் டெல்மர் எதையோ கணக்குப் போடுகிறவன் போல உட்கார்ந்திருந்தான்.

"அந்த மீட்டரைக் குடு."

"எதுக்கு?"

"ஹெட்லைட் மங்கலாத்தானே எரியுது? அதுக்கு அடியிலயும் நான் அடிச்சிருக்கேன்." கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். "எந்த முனையை எங்க வைக்கணும்? நீ சொல்லு, நானே பார்க்குறேன்."