யாரும் சிரிக்காத பொய்

ராம்கியை போலீஸ் கூட்டிப்போய்ப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. சாயங்காலத்துக்குள் விடவில்லை என்றால் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கண்ணுச்சாமியின் வைக்கோல் படப்புக்கு ராத்திரியில் தீ வைத்தான் என்று புகார். பக்கத்தில் கட்டிக்கிடந்த இரண்டு மாடுகளும் கருகிச் செத்துப்போயின. கண்ணுச்சாமியோடு தண்ணீர்த் தகராறு ராம்கிக்கும் உண்டு, பாண்டிமீனாவின் அண்ணன் அருண்பாண்டிக்கும் உண்டு.

பாண்டிமீனா தான் வேலை பார்க்கும் கே.கே. நகர் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு துப்பறியும் நாவலோடு உட்கார்ந்திருந்தாள். எதையாவது படித்தால் மனசு அடங்கும் என்று நினைத்தாள். பாதிவரை நன்றாகத்தான் போனது. பிறகு எரிச்சல் வந்தது.

"என்ன சயின்டிஸ்ட்டு, கொலகாரன் சிக்குனானா?" கட்டிலில் படுத்தபடி அருண்பாண்டி கேட்டான். காலையிலிருந்து அவன் வெளியே போகவில்லை.

"அறுவதாம் பக்கத்துலயே சிக்கிட்டான். படிக்கவே புடிக்கலண்ணே."

"ஏன், ரத்தம் பத்தலையாக்கும்?"

"திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாச்சு. கொல நடந்த ராத்திரி திருச்சியில தங்கிட்டேன்னு ஒருத்தன் சொல்றான். காப்புக் கட்டுனா ராத்திரி வெளியூர்ல தங்கமாட்டாகன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். ஒருத்தர்கூடச் சிரிக்கல. ஊரே கேட்டுக்கிட்டுச் சும்மா நிக்கிது. அம்புட்டும் பொய். இப்படி ஒரு ஊரு எங்க இருக்கு?"

அருண்பாண்டி மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று தெருவில் நின்று இன்ஸ்பெக்டரிடம் அண்ணன் சொன்னான்: "அன்னைக்கு ராத்திரி டவுன்ல, கோரிப்பாளையத்துல ஃப்ரெண்டு ரூம்ல தங்கிட்டேன் சார்." இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், தலையாட்டிக்கொண்டார். படப்பு எரிவதற்கு முன்பே காப்புக்குக் கட்டிய வேப்பிலைத் தோரணத்தின் கீழே ஊரே நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

இனி அந்த நாவலை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது.

வாசலில் ராம்கியின் அம்மா மாயக்காள் வந்து நின்றாள். காலில் செருப்பில்லை.

"அருணு, ஸ்டேசனுக்கு வந்து நீ ஒரு வார்த்த சொல்லய்யா. எம்புள்ள அப்படிச் செய்யிறவனா?"

"நான்தான் அன்னைக்கு ஊர்லயே இல்லையே சின்னம்மா."

மாயக்காள் மறுத்துப் பேசவில்லை. பாண்டிமீனாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏத்தா மீனா, நீயாச்சும்..."

"அவளுக்கு என்ன தெரியும்? மீனா, நீ உள்ள போ."

பாண்டிமீனா நாலு பேர் முன்னால் பெயரைக் கேட்டாலே குரல் இறங்கிவிடுகிறவள். எழுந்து நின்றாள்.

"உள்ள போன்னு சொன்னேன்ல?"

அவள் போகவில்லை.

"சின்னம்மா, அண்ணன் அன்னைக்கு வெளியூர்ல தங்கல. படப்பு எரியிறப்ப பின்வாசல் வழியா வந்துச்சு. சட்டையெல்லாம் பெட்ரோல் வாட. கதவத் தெறந்துவிட்டது நான்தான்."